நிலாவின் பங்காளி நம்ம ஊர்க் கல்

(நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது. இதழுக்காக எழுத்து வடிவில்.)

இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்கும், பிறகு கைப்பேசியில் இதைப் படிக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

என் கையில் இருக்கிற இந்தக் கல்லைப் பாருங்க. சாம்பல் கலந்த வெள்ளை, நடுநடுவே கருப்பாகப் புள்ளி. பரமத்தி வேலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் வரப்போரம் கிடக்கிற கல்தான். மாடு கட்டுகிற முளை அடிக்க இதைத்தான் எடுப்போம். சின்ன வயசில் பள்ளி விட்டு வரும்போது இதன்மேல் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றிருக்கிறேன்.

இந்தக் கல்லுக்கு நிலவியலில் அனார்த்தோசைட் என்று பெயர். வானத்தில் நிலாவைப் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிகிற மேட்டு நிலம் முழுக்க இந்த வகைப் பாறைதான். சந்திரயானை இறக்கிப் பழக இஸ்ரோவுக்கு நிலா மண் தேவைப்பட்டபோது, அதற்கு ஈடான மண்ணைச் செய்ய அவர்கள் தேடி வந்தது சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும்தான்.

கதை இதுதான். அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் ஆறு பயணங்களில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லும் மண்ணும் மொத்தம் 382 கிலோ. அதை வைத்து லேண்டரை இறக்கிப் பார்க்க முடியாது. அதனால் பூமியில் கிடைக்கிற ஒத்த பாறையை அரைத்து, நிலா மண் மாதிரியே செயற்கையாக ஒரு மண் செய்வார்கள். அமெரிக்காவில் அதை வாங்கினால் கிலோ 150 டாலர் ஆகும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டதோ டன் கணக்கில். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் வேறு சில நிறுவனங்களும் உதவிக்கு வந்தன. 2012 முதல் நாமக்கல் பகுதியிலிருந்து சுமார் 50 டன் போயிருக்கிறது. பாறையை உடைத்து, வேண்டிய அளவுக்குப் பொடியாக்கி, பெங்களூருவில் இஸ்ரோவின் சோதனைக் கூடத்தில் பரப்பினார்கள். அந்த மண்மேல்தான் ரோவர் சக்கரம் ஓடிப் பழகியது. இப்படி மண் செய்கிற முறைக்கு இஸ்ரோ 2014-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 2020-ல் பெற்றது.

2012-ல் நான் எட்டாம் வகுப்பு.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் கோளரங்கச் சுற்றுலா போனோம். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு பஸ். உள்ளே போனதும் வரிசையில் நில், கண்ணாடியைத் தொடாதே, சீக்கிரம் நகர். இருட்டு அறையில் சாய்வு நாற்காலி. மேலே நட்சத்திரம் சுற்ற ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். நானும்தான். வெளியே வந்து ஐஸ் சாப்பிட்டோம். மறுநாள் வகுப்பில் "நான் கண்ட கோளரங்கம்" என்று ஒரு பக்கக் கட்டுரை. பாடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.

எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அந்தச் சுற்றுலாவுக்கு வரவில்லை. கட்டணம் 450 ரூபாய். அவங்க வீட்டில் அந்த மாதம் முடியவில்லை. "என்னடி பார்த்தே?" என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கோ நான் ஏதோ மறைக்கிறேன் என்று கோபம். பத்தாவது முடித்ததும் அவள் படிப்பு நின்றுபோனது. காரணம் வேறு. இருந்தாலும் அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

2019-ல் இதழியல் படிக்கும்போது செய்தித்தாளில் சித்தம்பூண்டி பெயரைப் பார்த்தேன். நாங்கள் பஸ் ஏறிப் போய் இருட்டில் தூங்கிய அதே வருஷத்தில், நாங்கள் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்ற கல் நிலாப் பயணத்துக்காக லாரியில் போக ஆரம்பித்திருக்கிறது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு ஆசிரியர் அந்தக் கல்லை வகுப்புக்கு எடுத்து வந்திருந்தால், வராதவள் என்று ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்: இந்தப் பள்ளியில் ஒரு மேசை வேண்டும். குழந்தைகள் தொட்டுப் பார்க்கிற மேசை. இரண்டு பலகை, ஒரு பூதக்கண்ணாடி, சில கற்கள். அவ்வளவுதான். அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி என்று நாம் பழகிவிட்டோம். உலகத்தில் அந்தப் பழக்கத்தை மாற்றி வெகுநாள் ஆகிறது. 1969-ல், மனிதன் நிலாவில் கால் வைத்த அதே ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் எக்ஸ்ப்ளோரடோரியம் என்று ஓர் இடத்தைத் திறந்தார். அங்கே இருந்த எல்லாமே பிள்ளைகள் கையால் திருப்பி, தள்ளி, இழுத்துப் பார்க்க வைத்தவை. வாஷிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்தில் அப்பல்லோ 17 கொண்டுவந்த நிலாக் கல் துண்டு ஒன்றை 1976 முதல் யார் வேண்டுமானாலும் விரலால் தொடலாம். அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வரிசையும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

மேசையில் என்ன செய்வது என்று சொல்கிறேன். சிலவற்றை இங்கேயே செய்து காட்டுகிறேன்.

முதலில் மண். கொத்தனார் வேலை பார்க்கிறவங்க யாராவது இருக்கீங்களா? நீங்கதான் இன்றைக்கு வாத்தியார். இந்தக் கிண்ணத்தில் காவிரி மணல், இந்தக் கிண்ணத்தில் எம்-சாண்ட். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேய்த்தாலே எது எது என்று சொல்லிவிடுவீர்கள், இல்லையா? ஆற்று மணல் வழுவழுப்பு. தண்ணீர் உருட்டி உருட்டி மூலை மழுங்கிப்போனது. எம்-சாண்ட் இயந்திரத்தில் உடைத்தது, கையை அறுக்கும். நிலாவில் ஆறு கிடையாது, காற்றும் கிடையாது. விண்கற்கள் மோதி மோதி உடைந்த பொடி, உடைந்தபடியே கூர்மையாகக் கிடக்கிறது. அதனால்தான் இஸ்ரோவுக்கு ஆற்று மணல் உதவாது. ஆற்று மணலில் பழகிய சக்கரம் அங்கே வேறு மாதிரி புதையும். சரியான பாறை, சரியான அளவில் உடைத்த பொடி, இரண்டும் வேண்டும். பிள்ளைகள் இரண்டு மணலையும் பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும். உங்கள் கைப்பேசி கேமராவை மிக அருகில் வைத்தும் படம் எடுக்கலாம். ஒன்று மட்டும்: பொடியை ஊதவோ இறைக்கவோ விடாதீங்க. கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது, கிரஷர் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்க.

அடுத்து, நிலாவில் இந்த வெள்ளைப் பாறை எப்படி மேலே வந்தது? இதற்கு ஆலைக் கொட்டாய்க்குப் போவோம். கொப்பரையில் கரும்புச்சாறு கொதிக்கும்போது நுரையும் அழுக்கும் மேலே மிதந்து வரும், அள்ளிப் போடுவோம். கனமானது கீழே, லேசானது மேலே. நிலா உருவான புதிதில் மேற்பகுதி முழுக்க உருகிய பாறைக் குழம்பாகக் கொதித்தது. ஆற ஆற, கனமான கனிமங்கள் அடியில் இறங்கின. பிளேஜியோகிளேஸ் என்ற லேசான வெள்ளைக் கனிமம் மேலே மிதந்து, ஏடு மாதிரி இறுகியது. அந்த ஏடுதான் அனார்த்தோசைட். நுரையை அள்ளிப் போட அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நிஜம்தானா என்று சந்திரயான்-3 நேரில் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் டிவி முன்னால் இருந்திருப்பீர்கள். இறங்கிய பிறகு 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் சுமார் 103 மீட்டர் ஊர்ந்து, 23 முறை மண்ணைச் சோதித்தது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. அந்த மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையை ஒத்திருக்கிறது, பழைய பாறைக் குழம்புக் கணிப்புக்குப் பொருந்துகிறது என்றார்கள். நிலாவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் யாரும் அதுவரை மண்ணைத் தொட்டுச் சோதித்ததில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சுற்றும். இந்தக் கல் நிலாவிலிருந்து விழுந்தது இல்லை. இங்கேயே, பூமிக்கு அடியில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலாவின் அனார்த்தோசைட் 400 கோடி ஆண்டுக்கும் மூத்தது. நம் பாறையில் நீர் சேர்ந்த கனிமங்களும் இருக்கின்றன, அங்கே இல்லை. பங்காளி என்று சொல்லலாம், ஒரே ஆள் என்று சொல்லக் கூடாது. யாராவது "நிலாக் கல்" என்று மோதிரத்துக்கு விற்க வந்தால் வாங்காதீங்க.

அறிவியல் உலகத்துக்கு இந்தக் கல் புதிதும் இல்லை. 1956-லேயே ஏ.பி. சுப்பிரமணியம் என்ற நிலவியலாளர் சித்தம்பூண்டிப் பாறைகளைப் பற்றி அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். அப்போது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். மனிதன் நிலாவுக்குப் போவதற்கு 13 ஆண்டுக்கு முன்பே நம் வரப்புக் கல்லின் பெயர் அந்த இதழில் அச்சாகிவிட்டது.

இப்போது முட்டை. நாமக்கல்லில் முட்டை இல்லாமல் கூட்டமா?

ஒரு பையனை மேடைக்குக் கூப்பிடுகிறேன். தம்பி, இந்த முட்டைதான் பூமி. இந்தக் கொண்டைக்கடலைதான் நிலா. அளவு கிட்டத்தட்ட சரிதான், பூமியின் விட்டத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேல் நிலாவின் விட்டம். நிலாவை எவ்வளவு தூரத்தில் வைப்பாய்? பாருங்க, ஒரு சாண் தூரத்தில் வைக்கிறான். பெரியவங்களும் அப்படித்தான் வைப்பீங்க. பாடப் புத்தகப் படத்தில் இடம் போதாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பழகிய கண்.

ஒரு முட்டை ட்ரேயில் எத்தனை முட்டை? முப்பது. அந்த முப்பதையும் கோரைப்பாயில் அகலவாக்கில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக வையுங்க. பாயில் வைத்தால் உருளாது. முப்பது முட்டை தாண்டி, அந்த முனையில் கொண்டைக்கடலை. அதுதான் நிலா. பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் உள்ள தூரம் சுமார் 3,84,400 கிலோமீட்டர், அதாவது பூமியின் விட்டத்தைப்போல முப்பது மடங்கு. ஒரு ட்ரே தூரம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். விண்வெளி வீரர்கள் தங்கியிருக்கிற சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே? முட்டை ஓட்டுக்கு மேலே இரண்டு ஏடிஎம் கார்டு கனம்கூட வராது. சூரியன் வேண்டுமானால், கன்டெய்னர் லாரி உயரத்தைவிடப் பெரிய உருண்டை, அரைக் கிலோமீட்டர் தள்ளி, அந்த டீக்கடைப் பக்கம். இதைச் செய்து பார்த்த பிள்ளைக்குக் கிலோமீட்டர் எண் மறந்துபோனாலும் ட்ரே மறக்காது. அப்புறம் முட்டையை அவித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது ஒன்று வீட்டிலேயே செய்யலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டில் கோலமாவு பரப்பி, மேலே மெல்லிசாகக் கேழ்வரகு மாவு தூவி, கோலிக்குண்டைப் போடுங்க. பள்ளமும், சுற்றிலும் வெள்ளைக் கோடுகளும் வரும். உயரத்தை மாற்றி, குண்டை மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். அன்று ராத்திரி பௌர்ணமியாக இருந்தால் நிலாவில் அதே கோடுகளைக் காட்டலாம், சாதாரண பைனாகுலர் போதும்.

அரசு தரப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். தமிழ்நாடு முழுக்க 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். உங்கள் பிள்ளையிடம் "இந்த மாதம் வானவில் மன்றத்தில் என்ன செய்தீங்க?" என்று கேளுங்க. "சார் செய்தார், நாங்க பார்த்தோம்" என்று சொன்னால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்க: பிள்ளைகள் கையில் எப்போது கொடுப்பீங்க? நானும் அரசுத் துறையில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். மணற்கேணி செயலியில் தமிழில் பாட விளக்கங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. படம் பார்த்துவிட்டுச் செய்வதா, செய்துவிட்டுப் பார்ப்பதா என்றால், செய்துவிட்டுப் பார்ப்பதுதான் என் கட்சி.

கோளரங்கச் சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்குப் பக்கம் திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். சேலம் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குக் கோவை மண்டல அறிவியல் மையம், அங்கே கையால் இயக்கிப் பார்க்கிறவையும் உண்டு. தாராளமாகப் போங்க. போவதற்கு முன் ஒரு வாரம் இந்த மேசையில் விளையாடிவிட்டுப் போனால், பிள்ளை ஒரு கேள்வியோடு உள்ளே நுழையும். கேள்வியோடு போகிற பிள்ளை தூங்காது. விடுமுறை நாள், மாணவர் கட்டணம், தமிழ்க் காட்சி நேரம் மூன்றையும் முன்னாடியே போனில் கேட்டுக்கொள்ளுங்க. விடியற்காலை நாலு மணி பஸ் வேண்டாம், என் அனுபவம். பணம் கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைமை ஆசிரியரிடம் தனியாகக் கேட்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் அதைச் சரிசெய்ய ஒரு வழி பாருங்க. பெயரை வகுப்பில் வாசிக்க வேண்டாம்.

கல் எடுக்கப் போகும்போது இரண்டு எச்சரிக்கை. பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்காமல் எடுக்காதீங்க. கேட்டால் யாரும் ஒரு கல்லுக்கு மறுக்க மாட்டாங்க, எங்கள் பக்கத்து ஆளுங்க டீயும் கொடுப்பாங்க. இன்னொன்று, பழைய குவாரிக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. தண்ணீர் தேங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று வெளியே தெரியாது. வரப்பில் கிடக்கிறதே போதும்.

கேள்வி இருந்தால் கேளுங்க.

பின் வரிசையில் ஆத்தா ஒருத்தர் கை தூக்குகிறார். "ஏங்கண்ணு, அப்போ நம்மூருக் கல்லு நெலாவுக்கே போயிருச்சா?"

இல்லீங்க ஆத்தா. பெங்களூரு வரைக்கும்தான் போச்சு. அதுமேல ஓடிப் பழகின வண்டியோட கூடப்பிறந்ததுதான் மேல போச்சு.

"அது திரும்பி வராதா?"

வராதுங்க. அங்கேயே நிற்குது. பதினாலு நாள் பகல் முடிந்து ராத்திரி வந்ததும் குளிரில் ஓய்ந்துவிட்டது.

"செரி, அப்போ இந்தக் கல்ல இங்கயே வெச்சுட்டுப் போ. எம்பேரன் நாளைக்குத்தான் வருவான்."

கல்லை மேசையில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். பூதக்கண்ணாடி தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறது. முட்டை மட்டும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்க.